மூன்றரை எம்.எம்.

தட்.

இரும்புக்குள் யாரோ குதிகாலால் உதைத்தது போன்ற சத்தம். முப்பது வருஷத்துக்கு முன் மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிக்குப் பக்கத்து எடைமேடையில் நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது கேட்டது. அங்கே கேட்ட எத்தனையோ லாரிகளின் இரைச்சல் மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

எடைமேடைக்கும் கவுஸ் மைதீனின் பட்டறைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். அங்கே பேசுவது இங்கே கேட்கும்.

கவுஸ் குவைத்தில் பதினோரு வருஷம் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்களை மட்டுமே பிரித்து மாட்டியவர். கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாறும் வண்டிகள் அன்று எங்கள் பக்கம் மிகக் குறைவு. இருந்த கொஞ்சமும் அவரிடம்தான் வரும். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள அவரிடம் வந்து சேர்ந்தவர் நஞ்சப்பன். குருவைவிட நாலு வயது மூத்தவர். லாரி கியர் பாக்ஸில் இருபது வருஷம் கை ஊறியவர்.

நஞ்சப்பனுக்கு ஒரு கேள்வி இருந்தது.

"ஏனுங்க மேஸ்திரி, ஒரு கியர்ல இருந்து அடுத்ததுக்குப் போறப்ப வண்டி கொஞ்சம் வழுக்குது பாருங்க. அதை எதுக்கு உட்டு வெக்கறீங்க?"

"எவ்வளவு நேரம் வழுக்குது?"

"கண்ணை மூடித் தொறக்கற நேரம்."

"அதுக்கா இத்தனை கவலை?"

"அந்த நேரத்துலதானுங்க உள்ளே கிளட்ச் தட்டு தேயுது, எண்ணெய் சூடாகுது. கோயமுத்தூர்ல துளையைப் பெருசு பண்ணி, கெட்டி ஸ்பிரிங் போட்டு, பளீர்னு விழ வெக்கறாங்க. பாக்ஸும் நாள்பட உழைக்குதாம்."

"உழைக்கும்."

"அப்பறம் என்னங்க?"

"நீங்க லாரிக்காரரு நஞ்சப்பண்ணா. இடி விழுந்தாத்தான் உங்களுக்கு மழை பெஞ்ச மாதிரி."

நஞ்சப்பன் சிரிக்கவில்லை. "கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

மேசையில் ஒரு பாக்ஸ் பிரிந்து கிடந்தது. அதிலிருந்து உள்ளங்கை அகலத் தகடு ஒன்றைக் கவுஸ் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தகடு முழுக்கச் சிறு துளைகள். எண்ணெய் அவற்றின் வழியே ஓடிப்போய்க் கியரைப் பிடிக்கும். துளை பெரிதானால் பிடி சட்டென்று விழும்.

"நானும் பெருசு பண்றவன்தான். கால் எம்.எம். அதுக்கு மேல போறதில்லை. போட்டதும் பின்னாடி போயி உக்காந்துக்கறேன். நீங்க பின்னாடி உக்காந்து பாத்திருக்கீங்களா?"

"ஓட்டிப் பாக்கறவன் முன்னாடிதானுங்க உக்காரோணும்."

கவுஸ் தகட்டைக் கீழே வைத்துவிட்டார்.

பின்னால் உட்கார்ந்து பார்ப்பது அவர் வழக்கம். வேலை முடிந்த வண்டியை வேறு யாராவது ஓட்ட, அவர் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு பவானிப் பாலம் வரை போய்வருவார். "மேஸ்திரிக்கு மாப்பிள்ளை ஊர்வலம்" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள்.

அந்த ஆடியில் கவுஸின் மாமி பாலக்காட்டில் இறந்துபோனார். கவுஸ் நாலு நாள் ஊரில் இல்லை. அப்போதுதான் போஜன் வந்தார்.

போஜன் கோத்தகிரிக்கு மேலே ஹட்டி எனப்படும் மலைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த படுகர். தேயிலை லாரி கவிழ்ந்ததில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதனால் கிளட்ச் மிதி இல்லாத வண்டி. எஸ்டேட் மேனேஜர் ஒருவர் விட்டுப்போன பழைய வெளிநாட்டு வேன். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு மெத்தை போட்டிருந்தார். மெத்தை அவர் மனைவி மாதிக்கு. அந்த அம்மாவுக்குப் புற்று முதுகெலும்பு வரை போயிருந்தது. வாரம் ஒருமுறை மருந்து ஏற்றக் கோவைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அன்று போஜன் தனியாகத்தான் வந்திருந்தார்.

"ஏத்தத்துல ரெண்டாவது கியர் வழுக்குதுங்க. பாதி மலையில நின்னுபோச்சுன்னா அவளை வெச்சிக்கிட்டு நான் என்ன செய்வேன்? ஒத்தைக் கால்."

"மேஸ்திரி இல்லீங்க."

"நீங்க இருக்கீங்களே."

நஞ்சப்பன் இரண்டு நாளில் முடித்தார். கெட்டி ஸ்பிரிங்குகள் போட்டார். தகட்டில் இரண்டு எம்.எம். துளையை மூன்றரை ஆக்கினார். பாலம் வரை ஓட்டிப் பார்த்தார்.

தட். தட்.

போஜன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தார். "அறைஞ்ச மாதிரி விழுதுங்க! எங்கேயிருந்து கத்துக்கிட்டீங்க இதை?"

நஞ்சப்பன் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கவுஸ் திரும்பி வந்த மறுநாள், கோவைப் பக்கமிருந்து வந்த அந்த வேன் பட்டறையைத் தாண்டி மலைக்குத் திரும்பியது. கவுஸ் டீ குடித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எத்தனை எம்.எம்.?"

"மூணரைங்க."

"பெருக்கின துளையைச் சின்னதாக்க முடியாது, தெரியுமில்ல?"

"எதுக்குங்க சின்னதாக்கோணும்? வண்டி பிச்சுக்கிட்டு ஏறுது."

"ஏறும். நீங்க எங்க உக்காந்து பாத்தீங்க?"

நஞ்சப்பன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் போஜன் தானாகவே நிறுத்தினார். நஞ்சப்பனுக்கு ஒரு பை கேரட் கொண்டுவந்திருந்தார்.

"மாதி இப்பல்லாம் வழி பூரா தூங்கறா. முன்னாடி ஓயாம பேசிக்கிட்டு வருவா. காது வலிக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

கவுஸ் பின் கதவைத் திறந்தார். மாதி கண்ணை மூடியிருந்தார். முந்தானையின் ஓரம் சுருட்டப்பட்டு வாயருகே ஈரமாக இருந்தது.

"எப்படிம்மா இருக்கீங்க?"

கண் திறந்தது. "நல்லாருக்கேன். வண்டி நல்லாயிருக்குன்னு அவரு சொல்றாரு."

கவுஸ் கதவை மெல்லச் சாத்தினார். "போஜண்ணா, நாளைக்கு வண்டியை மட்டும் கொண்டாங்க. எண்ணெய் பாக்கோணும்."

மறுநாள் போஜனை டீக்கடையில் உட்காரவைத்துவிட்டுக் கவுஸ் தாமே ஸ்டியரிங்கில் ஏறினார்.

"நஞ்சப்பண்ணா, நீங்க மெத்தையில படுங்க."

"நானா? எனக்கு என்னங்க நோவு?"

"ஒண்ணுமில்லை. படுங்க."

கோத்தகிரி ரோட்டில் நாலைந்து வளைவு ஏறி இறங்கித் திரும்ப ஒரு மணி நேரம் ஆனது. உள்ளே நடந்ததை நஞ்சப்பன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் கியர் இறங்கி ஏறியது. ஒவ்வொரு முறையும் மெத்தையின் அடியிலிருந்து ஓர் உதை முதுகுத்தண்டில் வந்து நின்றது. நல்ல முதுகு. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாலாவது உதையில் கை தானாகப் பக்கவாட்டில் எதையோ பிடிக்கப் போனது. கை போன இடத்தில் ரெக்ஸின் கிழிந்திருந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தார். நகக்கீறல்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, எல்லாம் புதிது.

பட்டறை வாசலில் வண்டி நின்றது. கவுஸ் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"தூக்கம் வந்துச்சா?"

நஞ்சப்பன் இறங்கவில்லை. உள்ளேயிருந்தே கேட்டார். "துளையை அடைச்சுரலாமுங்களா?"

"அடைச்சது பேந்து வந்து வால்வுல உக்காந்துக்கும். மலையில வண்டி நின்னுரும். புதுத் தகடுதான். மெட்ராஸ்ல இருந்து வர எட்டு நாளாகும்."

"போஜண்ணாகிட்ட நீங்க சொல்லிருங்க மேஸ்திரி."

"துளை போட்டது யாரு?"

நஞ்சப்பன் டீக்கடைக்குப் போனார். அங்கிருந்து போஜன் சிரிப்பது கேட்டது. "போங்க நஞ்சப்பண்ணா, நல்லாத் தூங்கறவளைப் போயி..." பிறகு சிரிப்பு நின்றது. கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு வேகமாக வந்தார். பின் கதவைத் திறந்து, மெத்தை ஓரம் குனிந்து, அந்த இடத்தை விரலால் தடவினார். வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

விரலை அங்கேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"கியர் விழறப்பல்லாம் 'பாத்தியா மாதி'ன்னு கேப்பேன். 'ம்'னு சொல்லுவா."

வண்டியை விட்டுவிட்டுப் பஸ் ஏறினார். அடுத்த வாரம் கோவைக்குப் போக வாடகைக் கார் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார்.

கார் ஹட்டிவரை போய்க் காலியாகத் திரும்பி வந்தது. இனி மலை இறங்க மாட்டேன் என்று மாதி சொல்லிவிட்டாராம். காரில் அலுங்காமல் போகலாம் என்று போஜன் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். கேட்கவில்லையாம்.

தகடு வெள்ளிக்கிழமை பார்சலில் வந்தது. அதற்கு முந்தைய நாள்தான் மலையிலிருந்து போன் வந்திருந்தது. மாதி புதன்கிழமை விடிகாலையில் போய்விட்டார்.

நஞ்சப்பன் பார்சலைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வேனுக்கு அருகில் உட்கார்ந்திருந்தார். கவுஸ் வந்து நின்றார்.

"பாக்ஸை இறக்கலையா?"

"இனி எதுக்குங்க மேஸ்திரி? படுத்துக்கிட்டு வரதுக்குத்தான் யாருமில்லையே."

கவுஸ் ஜாக்கியை இழுத்துவந்து வண்டிக்கு அடியில் தள்ளினார்.

"மாட்டுங்க. வீட்டுக்கு அவரு தனியாப் போகோணும்."

நஞ்சப்பன் அன்று சாயங்காலத்துக்குள் புதுத் தகட்டையும் பழைய ஸ்பிரிங்குகளையும் மாட்டி முடித்தார். கவுஸ் ஓட்ட, அவர் மெத்தையில் படுத்துப் பாலம் வரை போய்வந்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை.

போஜன் வண்டியை எடுக்க வரவே இல்லை.