நரி கேட்ட அகலப் பாதை

ஆற்றங்கரைக் காட்டில் ஒரு நரி சூதாட்டக் கூடம் நடத்தி வந்தது. அதன் குகையில் நாள் முழுவதும் தாயக்கட்டை உருளும். தோற்றவர்கள் கொண்டுவந்த தீனியை வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள். ஜெயித்தது யார் என்று கேட்காதீர்கள். நரிக்குத் தொப்பை விழுந்திருந்தது, அவ்வளவுதான் சொல்வேன்.

ஒரு நாள் காட்டுக் கூட்டத்தில் நரி எழுந்து நின்றது.

“ஆற்றுத் துறையிலிருந்து என் குகைக்கு இருப்பது ஒற்றையடிப் பாதை. அதை அகலமாக்கினால் அக்கரை விலங்குகளும் ஆட வரும். காடே செழிக்கும்! யானை பாதை போடட்டும். கூலியைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து கொடுத்துவிடலாம்!”

கோடைப் பஞ்சத்துக்காக எல்லோரும் சேர்த்த மூங்கிலரிசியும் உலர்ந்த இலுப்பைப்பூவும்தான் அந்தக் களஞ்சியத்தில் இருந்தன. யானைக்குக் கூலி கொடுத்தால் அதில் என்ன மிஞ்சும்? ஆனாலும் ‘காடே செழிக்கும்’ என்ற பேச்சில் மயங்கி எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆள்காட்டிக் குருவி மட்டும் பதறியது. “பாதையோரச் சரளையில் என் முட்டைகள் இருக்கின்றன! யானை மிதித்தால் என் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?”

“கூட்டோடு தள்ளிப் போயேன்!” என்றது நரி.

“எனக்கு ஏது கூடு? வெறும் தரையில்தான் அடைகாக்கிறேன். முட்டையைத் தூக்கிப் போக எனக்குக் கையா இருக்கிறது?”

“இவள் இலை விழுந்தாலும் கத்துவாள்!” என்று முயல் சிரித்தது. அது பொய்யில்லை. ஆள்காட்டி எதற்கெடுத்தாலும் கத்தும். அதனாலேயே அன்று அதன் பேச்சு எடுபடவில்லை, பாவம்.

கூட்டம் கலைந்ததும் அது மானிடம் ஓடியது. “மானக்கா, நீங்களாவது பேசக் கூடாதா?”

“என் வீடு மலைப்பக்கம். பாதை எங்கே போனால் எனக்கென்ன?”

“களஞ்சியம் காலியானால் கோடையில் உங்கள் குட்டி என்ன தின்னும், அக்கா?”

மான் தன்னை ஒட்டிப் படுத்திருந்த குட்டியின் நெற்றியை நக்கிக் கொடுத்தது.

மறுநாள் காலை யானை புதர்களை மிதித்துச் சாய்த்துக்கொண்டே வந்தது. ஆள்காட்டி சிறகை விரித்துக் குறுக்கே நின்றது. ஓர் அடிகூட நகரவில்லை.

“தள்ளிப் போ, தங்கச்சி! இங்கே வெறும் கல்தானே கிடக்கிறது?”

“கல் இல்லை, அண்ணே! கொஞ்சம் குனிந்து காது கொடுங்கள்!”

யானை மண்டியிட்டது. முறம் போன்ற காதைச் சரளைமேல் தாழ்த்தியது. முட்டைக்குள்ளிருந்து மெல்லக் கேட்டது: “கீச்… கீச்…”

அவ்வளவு பெரிய யானைக்குக் கண் கலங்கிவிட்டது. “அடி அம்மா! இதன்மேலா காலை வைக்க இருந்தேன்?”

“என்ன நின்றுவிட்டாய்? கூலி வேண்டாமா?” என்று வேலையைப் பார்க்க வந்திருந்த நரி கத்தியது.

“யார் வீட்டுக் கூலி?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மான் குட்டியோடு வந்து ஆள்காட்டியின் பக்கத்தில் நின்றது. “அது எங்கள் பிள்ளைகளின் கோடைச் சாப்பாடு!”

முயல் வந்தது. காட்டுப்பன்றி வந்தது. ஒவ்வொன்றாக எல்லோரும் வந்து முட்டைகளைச் சுற்றி நின்றார்கள்.

“காட்டின் நன்மைக்குத்தானே கேட்டேன்!” என்றது நரி.

“அப்படியா? உங்கள் குகையில் மலைபோல் தீனி குவிந்திருக்கிறதே. அதிலிருந்து கூலி கொடுங்கள். பாதையை வேறு பக்கம் வளைத்துப் போடலாம்!” என்றது மான்.

நரிக்கு முகம் வெளுத்துப் போனது. “ஐயையோ, அது என் சொந்தச் சொத்தாயிற்றே! இதற்குப் போய் அதைச் செலவழிப்பார்களா? எனக்கு ஒற்றையடிப் பாதையே தாராளம்!” என்று சொல்லிவிட்டு ஓட்டம் பிடித்தது.

காடே சிரித்தது. ஆள்காட்டி சிரிக்கவில்லை. ஓசைப்படாமல் போய் முட்டைகளின்மேல் உட்கார்ந்தது. யானை வெயில் படாமல் அதற்கு நிழலாக நின்றுகொண்டது.

தன் லாபத்துக்கு ஊர்ச் சொத்தைக் கேட்பவரிடம், முதலில் அவர் கைப்பொருளை எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும்.