கருப்புக் கல் வந்த வழி

அநியாயம் நடந்தது வஞ்சிக்கு. விடையைக் கண்டுபிடித்தவள் அவள். ஆனால் நாளை சபையில் அதை எழுந்து சொல்லப் போகிறவர் மூத்த மாணவர் திருமேனி என்று முடிவாகிவிட்டது.

குன்றின்மேல் இருந்த அந்தக் கல்விச்சாலைக்கு ஆற்றங்கரை மடத்தார் ஆண்டுக்கு ஒரு கேள்வி அனுப்புவார்கள்; விடையைச் சபை கூட்டிக் கேட்பார்கள். இந்த ஆண்டு வந்த கேள்வி: அணைந்த நெருப்பு எங்கே போகிறது?

நாற்பது நாள் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். வஞ்சிதான் சொன்னாள்: "எங்கேயும் போகவில்லை. அதன்மேல்தான் நின்றுகொண்டிருக்கிறோம்."

எல்லோரும் குனிந்து காலடியில் இருந்த பாறையைப் பார்த்தார்கள். உருகி, ஆறி, இறுகிப்போன நெருப்பு. அதுவே விடை என்று முடிவாயிற்று.

பன்னிரண்டு ஆண்டு படித்தவர்தான் சபையில் வாய் திறக்கலாம். அது அங்கே வழக்கம். யார் வைத்த வழக்கம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வஞ்சி வந்து மூன்றே ஆண்டு.

"நீ சொன்னால் என்ன, நான் சொன்னால் என்ன?" என்றார் திருமேனி.

"ஒன்றுமில்லை அல்லவா? அப்படியானால் நானே சொல்கிறேன், அண்ணே."

வழக்கு, ஆசான் உமையாளிடம் போனது. உமையாள் திருமேனியைவிடப் பத்து வயது இளையவள். திருமேனி இரண்டு கற்களை ஏந்திக்கொண்டு வந்தார்.

"அம்மா, இரண்டும் ஒரே நெருப்பில் பிறந்தவை. இந்தப் புள்ளிக்கல் பூமிக்கடியில் கிடந்து மெல்ல மெல்ல ஆறியது. அதனால் வெள்ளையும் சாம்பலுமாக மணி மணியாய் வளர்ந்திருக்கிறது. இந்தக் கருப்புக் கல் அவசரமாக மேலேறி, சட்டென்று ஆறிவிட்டது. உற்றுப் பார்த்தாலும் ஒரு மணி தெரியாது. பன்னிரண்டு ஆண்டுப் படிப்பு புள்ளிக்கல். மூன்று ஆண்டுப் படிப்பு கருப்புக் கல்."

"மணி தெரியாவிட்டால் கல் இல்லையா? காலில் போட்டுப் பாருங்கள், அண்ணே" என்றாள் வஞ்சி.

பின்னால் யாரோ சிரித்தார்கள். உமையாள் சிரிக்கவில்லை.

"கருப்புக் கல்லை எங்கே எடுத்தீர்கள்?"

"கிழக்குச் சரிவில், அம்மா."

"காட்டுங்கள்."

சரிவு முழுக்கப் புள்ளிக்கல். அதன் நடுவே அடிவாரத்திலிருந்து உச்சிவரை, இரண்டு முழ அகலத்தில், கோடு கிழித்ததுபோல் கருப்புக் கல் ஓடியது.

இரண்டு கல்லும் சேரும் இடத்தில் உமையாள் உளியை வைத்தாள். சுத்தியலைத் திருமேனியிடம் கொடுத்தாள்.

"பிரியுங்கள்."

அவர் அடித்தார். பத்து அடி, இருபது அடி. கடைசியில் ஒரு துண்டு பெயர்ந்தது. அது சேர்ந்த இடத்தில் பிரியவில்லை. பாதி கருப்பும் பாதி புள்ளியுமாகவே கையில் வந்தது.

"முதலில் இங்கே இருந்தது எது?"

"புள்ளிக்கல்தான்."

"மற்றது எப்படி உள்ளே வந்தது?"

"மலையைப் பிளந்துகொண்டு..." திருமேனியின் குரல் இறங்கியது.

வஞ்சி வாயெடுத்தாள். உமையாள் ஒரு பார்வை பார்த்தாள். வஞ்சி அடங்கிக்கொண்டாள். அதுதான் அவளுக்கு அன்று கஷ்டமாக இருந்தது.

திருமேனி கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்படியானால் என் பன்னிரண்டு ஆண்டுக்கு என்ன மரியாதை, அம்மா?"

"இந்தக் கருப்புக் கல் மேலே வந்தபோது மலை விலகி வழிவிட்டது. விட்டதோடு போய்விடவில்லை. இன்றைக்கும் இரண்டு பக்கமும் நின்று பிடித்துக்கொண்டிருக்கிறது. நாளை அவள் எழுந்து பேசுவாள். நீங்கள் அவள் பக்கத்தில் உட்காருங்கள்."