பவளாயி ஏன் வெளுத்தாள்?

ஒரு வீட்டுக் கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி இருந்தது. உப்புத் தண்ணீர், மணல், பாறை, மேலே ஒரு நீல விளக்கு என்று அதற்குள் ஒரு குட்டிக் கடலே குடியிருந்தது. அந்தக் கடலுக்கு ஒரே ஒரு வைத்தியர். வெள்ளைமீசை என்று பெயர்.

வெள்ளைமீசை ஓர் இறால். மீன்களின் உடம்பில் ஒட்டும் பூச்சியையும் அழுக்கையும் பொறுக்கி எடுப்பது அவர் தொழில். "என் மீசை தொட்டுச் சொன்னா, சொன்னதுதான்" என்பார். தன் கெட்டிக்காரத்தனத்தில் அவருக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. மற்றவர்களுக்கும் கிடையாது. அதுதான் வினையாகப் போயிற்று.

பாறை உச்சியில் பவளாயி இருந்தாள். பவளத்தைக் கல் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கல்லாவது மண்ணாவது! அவளும் உயிருள்ள பிராணிதான், இடத்தை விட்டு நகரமாட்டாள், அவ்வளவே. விளக்கு எரிந்ததும் பச்சைப் பசேலென்று விரல் விரலாக விரிவாள். தொட்டிக்கே அழகு அவள்தான்.

கொஞ்ச நாளாக அவள் விரியவில்லை. ஒரு பக்கம் சதை சுருங்கி, உள்ளே வெள்ளை எலும்பு தெரிந்தது.

"வைத்தியரே, சீக்கிரம் வாங்க!" என்று ஓடிவந்தாள் செங்கமலம். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் அவள். பவளாயிமேல் உயிரையே வைத்திருந்தாள். பகலெல்லாம் அவள் மடியில்தான் கிடப்பாள்.

வெள்ளைமீசை பாறை ஏறினார். முதலில் சுற்றிலும் பார்த்தார். கீழ்ப் பாறையில் காளான் பவளம் கொழுகொழுவென்று இருந்தது.

"அவனுக்கும் இதே தண்ணி, இதே வெளிச்சம். தண்ணி கெட்டிருந்தா அவனும்தானே வாடணும்? இது பவளாயிக்கு மட்டும் வந்த தீங்கு" என்றார்.

எவ்வளவு சரியான பேச்சு! அதோடு நின்றாரா? பவளாயி பக்கம் திரும்பி, "சாப்பாடு இறங்குதா?" என்று கேட்டார்.

"எங்கே இறங்குது? நான்தான் வாயில வச்சு ஊட்டுறேன், துப்பிடுறா" என்றாள் செங்கமலம்.

"உடம்பு வலிக்குதா?"

"வலிக்காம இருக்குமா? பக்கத்திலேயே கிடந்து தடவிக் கொடுத்துட்டேதான் இருக்கேன்."

பவளாயி ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் செங்கமலம் அவள்மேல் சாய்ந்து, "நீ பேசாதே கண்ணு, அசதியா இருக்கும்" என்றாள்.

கேள்வி நோயாளிக்கு, பதில் கூட இருக்கிறவளிடமிருந்து. எந்த ஆஸ்பத்திரியிலும் நடக்கிற கூத்துதான் இது. வைத்தியர் அதைக் கவனிக்கவே இல்லை.

"யார் மேலயாவது சந்தேகமா?"

"சந்தேகம் என்ன, கண்ணால பார்த்தேன். அந்தச் சங்கன் இவ தலைமேல ஏறிக் கொறிச்சுட்டிருந்தான்."

சங்கன் என்பவன் சங்குக்குள் குடியிருக்கும் நண்டு. அவனை இழுத்துவந்து நிறுத்தினார்கள்.

"ஐயா, சதையை நான் தொடலை. செத்த இடத்துல பாசி முளைக்குது, அதைத்தான் தின்னேன். பாசி பரவினா மீதி உடம்பும் போயிடும்" என்றான்.

யார் கேட்டார்கள்? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி. "இனிமே பாறைப் பக்கம் கால் வைக்காதே" என்று தீர்ப்பாயிற்று. சங்கன் சங்கைத் தூக்கிக்கொண்டு மணல் மூலைக்குப் போனான். போகும்போது அழுதான்.

பவளாயிக்கோ நாளுக்கு நாள் மோசமாயிற்று. தின்ன ஆளில்லாமல் பாசி அவள் எலும்பில் படர்ந்தது. வீட்டுக்காரர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார்.

"ஜெசிந்தா, இது தேறாது. நாளைக்குச் சாயந்திரம் எடுத்து வெளியே போட்டுடறேன். விட்டா தண்ணி பூரா கெட்டுடும்" என்று மனைவியிடம் சொன்னார்.

தொட்டிக்குள் எல்லோருக்கும் அது கேட்டது. வெள்ளைமீசை யோசித்தார். நண்டை விரட்டியும் நோய் குறையவில்லை என்றால், தான் சொன்ன காரணமே தப்பு. அதை ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு நாழிகை பிடித்தது.

மறுநாள் காலையில் செங்கமலம் அழுதுகொண்டே அவரிடம் வந்தாள். "விலாவெல்லாம் அரிக்குது வைத்தியரே, கொஞ்சம் சுத்தம் பண்ணுங்க" என்றாள்.

வெள்ளைமீசை அவள் விலாவைத் தொட்டார். மீசை நின்றது. அங்கே வழவழவென்று கோழை ஒட்டியிருந்தது. எடுத்து வாயில் வைத்துப் பார்த்தார். மீன் கோழை இல்லை. பவளாயி உடம்புக் கோழை!

"அசையாம இரு. இன்னிக்கு வேலை ரொம்ப இருக்கு" என்று அவளைப் பிடித்து வைத்தார். பொறுக்கினார், பொறுக்கினார், பொறுக்கிக்கொண்டே இருந்தார். கண் மட்டும் பாறை உச்சியில். வெகு நேரம் கழித்து அங்கே ஒரு பச்சை விரல் மெல்ல எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று.

"இப்போ போ" என்று அனுப்பினார். செங்கமலம் நேரே போய்ப் பவளாயி மடியில் விழுந்து புரண்டாள். நீட்டிய விரல்கள் சட்டென்று உள்ளே போயின.

வைத்தியர் விறுவிறுவென்று மேலே ஏறினார். "செங்கமலம், தள்ளி நில்லு. பவளாயி, இந்தத் தடவை நீ சொல்லு. யாரும் குறுக்கே பேசக் கூடாது."

பவளாயி தயங்கினாள். "அக்கா ஆசையாத்தான் வர்றாங்க. ஆனா தேய்ச்சுத் தேய்ச்சு என் தோலே போச்சு. நான் விரியாம மூடிக்கிட்டா, ஊட்டி விடுறாங்க. வேண்டாம்னா மனசு நோகுமேன்னு வாயை மூடிட்டு இருந்தேன்."

"நானா? நானா இதைச் செஞ்சேன்?" என்றாள் செங்கமலம்.

"நீதான். என் பங்கும் உண்டு. நோயாளியைக் கேட்காம உன்னைக் கேட்டேன் பாரு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு ஆயிடுச்சு. இனி இவளைத் தொடாதே. அதுதான் மருந்து" என்றார் வெள்ளைமீசை.

"சாய ஒரு மடி இல்லாம எனக்கு இருப்புக் கொள்ளாதே."

வைத்தியர் மூலையைக் காட்டினார். வீட்டுக்காரர் எப்போதோ போட்ட மண்சட்டி ஒன்று அங்கே சாய்ந்து கிடந்தது. செங்கமலம் அழுதபடியே போய் அதற்குள் படுத்தாள்.

பிறகு அவர் மணல் மூலைக்குப் போனார். "சங்கா, உன்னை விரட்டினது என் தப்பு. வந்து பாசியைத் தின்னு."

"சரிங்கய்யா. பசி வேற கொல்லுது" என்று சங்கன் சங்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

சாயந்திரம் வீட்டுக்காரரின் கை தண்ணீருக்குள் இறங்கியது. செங்கமலம் சட்டிக்குள் கண்ணை மூடிக்கொண்டாள். கை பவளாயியின் பாறையைப் பிடித்தது. பிடித்தபடியே நின்றது.

"ஜெசிந்தா, இங்க வா. விரல் நீட்டுது பாரு! ஒன்னு, ரெண்டு இல்லை, அந்தப் பக்கம் பூரா." கை வெறுமனே வெளியே போயிற்று.

நாள் ஆக ஆக வெள்ளை எலும்பின் ஓரத்தில் பச்சைச் சதை ஏறியது. செங்கமலம் தூரத்திலிருந்தே பார்ப்பாள். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பூரிப்பு தாங்காது. அந்தப் பூரிப்பில் கிடைத்த தீனியையெல்லாம் சட்டிக்கு ஊட்டுவாள், சட்டியைத் தடவிக் கொடுப்பாள். சட்டிக்கு என்ன, அது பாட்டுக்குக் கிடந்தது.

எவ்வளவு ஆசையோடு கொடுத்தாலும், வாங்குகிறவர் மலர்கிறாரா வாடுகிறாரா என்று பார்த்துக் கொடுப்பதுதான் அன்பு.