கடிதம் எழுத ஒரு பஸ்

கோணங்கிப்பேட்டை எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். சொன்னால் உங்கள் சம்பந்தி வீட்டில் யாராவது அந்த ஊர்க்காரராக இருந்து தொலைப்பார்கள். எனக்கெதற்கு வம்பு? திருநெல்வேலிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

அந்த ஊரில் ஆவுடையப்பன் என்று ஒருவர். தங்கமான மனுஷர். சொன்னதைச் செய்வார். அவரிடம் உள்ள ஒரே கோளாறும் அதுதான். சொன்னதை மட்டும்தான் செய்வார்.

ஒரு நாள் அவர் மனைவி உலகம்மாள் ஒரு டின் நிறையக் கோதுமையைக் கையில் கொடுத்து, "மில்லுல அரைக்கக் குடுத்துட்டு வாங்க" என்றாள். போனார். கொடுத்தார். வந்தார். சப்பாத்தி போடலாம் என்று அவள் மாவைத் தேடியபோது அந்த வாரமே முடிந்திருந்தது.

"குடுத்துட்டு வரத்தானே சொன்னே? குடுத்தேன், வந்தேன். இதுல எதை விட்டேன்?" என்று கேட்டார், நிஜமாகவே விளங்காமல்.

உலகம்மாள் கத்தவில்லை. கத்திக் கத்தி அலுத்தவள். நாலு புடவையைப் பையில் திணித்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா நான் வாயால சொல்லியாச்சு. இனி நீங்க கையால எழுதுங்க. என்ன தப்பு பண்ணினீங்கன்னு ஒரு பக்கம், உங்க சொந்தக் கையெழுத்துல. சனிக்கிழமை எங்க அக்கா பம்பாய்க்குத் திரும்புறா. அவ நடத்துற மெஸ்ஸுக்கு இட்லி ஊத்த ஆள் வேணுமாம். கடுதாசி வந்தா நான் இங்க. வராட்டி அங்க."

இப்படிச் சொல்லிவிட்டுப் பூலாங்கரையில் இருக்கும் தன் அப்பா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் மாடக்கண்ணு, தளவாய், இசக்கி மூன்று பேரும் வந்து பார்த்தபோது ஆவுடையப்பன் பாயிலேயே கிடந்தார். "எந்திரிங்க அண்ணாச்சி" என்று சொன்ன பிறகு எழுந்தார். விஷயத்தைக் கேட்டதும் மூவரும் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். தலைகள் பயன்பட்டது அந்த அளவுக்குத்தான்.

"முதல்ல பேனாவா பென்சிலான்னு முடிவு பண்ணணும்" என்றான் மாடக்கண்ணு. "பென்சில்னா தப்பா எழுதினா அழிச்சிக்கிடலாம்."

"எழுதப் போறதே தப்பைத்தானலே. அதை அழிச்சிட்டா மைனி எதைப் படிப்பாவ?" என்றான் தளவாய். அண்ணியை அந்தப் பக்கம் மைனி என்பார்கள்.

"அப்ப பேனா" என்றான் இசக்கி. இது முடிவாக ஒரு பகல் ஆயிற்று.

பேனா வந்தது. எழுத்து வரவில்லை. எழுத்து வருவதற்கு என்ன செய்வது என்று எழுதுகிறவரிடமே கேட்டுவிடுவோம் என்று நால்வரும் பக்கத்து டவுனில் இருந்த சீவலமுத்துவைத் தேடிப் போனார்கள். வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவர். அந்த வாரத்து அத்தியாயம் கேட்டுப் பத்திரிகைக்காரர்கள் ஆள் விட்டிருந்ததால் கதவுக்குப் பின்னால் நின்றபடியே பேசினார்.

"உட்காரணும்வே. அதுதான் ரகசியம். தினமும் ஒரே நேரத்துக்கு உட்காரணும். அந்த நேரம் முடியற வரைக்கும் எந்திரிக்கப்படாது."

"அப்புறம் சார்?"

"எழுதினதைத் திரும்பிப் பார்க்கப்படாது. பார்த்தா எல்லாம் குப்பைன்னு தோணும். மேல மேல போய்க்கிட்டே இருக்கணும்."

"அப்புறம்?"

"எந்த இடத்துல இருந்தா உமக்கு யோசனை வருமோ அந்த இடத்துல இருந்து எழுதணும். இப்ப நீர் என் வாசல்ல நிக்கீரு. எனக்கு ஒரு யோசனையும் வரல. போறீரா?"

போனார்கள். புத்திமதி என்னவோ நல்ல புத்திமதிதான். போய்ச் சேர்ந்த இடம்தான் சரியில்லை.

ஆவுடையப்பன் வீட்டுச் சுவர்க் கடிகாரம் அவர் கல்யாணத்துக்கு வந்தது. பல வருஷமாக நாலேகாலைத் தாண்டாமல் நின்றிருந்தது. "நாலேகால் நல்ல நேரமாத்தான் இருக்கு" என்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தார். நாலேகால். இன்னும் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தார். நேரம் முடிகிற வழியாக இல்லை.

"அண்ணாச்சி, இருட்டிட்டு. சாப்பிட எந்திரிங்க" என்றான் இசக்கி.

"நேரம் முடியலயே. நாலேகால்தானே ஆகுது?"

இசக்கி கடிகாரத்தைப் பார்த்தான். வெளியே பார்த்தான். "ஆமா. இருட்டுதான் இன்னைக்கு முந்தி வந்துட்டு."

மறுநாளும் நாலேகாலாகவே விடிந்தது. கடைசியில் தளவாய் சுவரில் சாய்ந்து தூங்கி விழுந்ததில் கடிகாரம் கீழே விழுந்து உடைந்தது. "நேரம் முடிஞ்சிட்டு!" என்று எல்லோருமாகச் சேர்ந்து அவரைத் தூக்கி நிறுத்தினார்கள்.

காகிதத்தை எடுத்துப் பார்த்தார்கள். பக்கம் முழுக்க எழுத்து! 'அன்புள்ள அன்புள்ள அன்புள்ள அன்புள்ள' என்று கடைசி வரி வரை அன்பாகவே இருந்தது.

"திரும்பிப் பார்க்கப்படாதுன்னு சொன்னாருல்லா? 'அன்புள்ள' எழுதினேனா இல்லையான்னு ஒரே சந்தேகம். எதுக்கும் இன்னொரு தடவை இருக்கட்டும்னு எழுதிக்கிட்டே வந்தேன்" என்றார் ஆவுடையப்பன், கண்களை மூடிக்கொண்டு. எழுதியது அவர் முன்னால் அல்லவா நீட்டப்பட்டிருந்தது.

"அன்பு போதும் அண்ணாச்சி. இனி ஆளுக்கு வாங்க" என்றான் மாடக்கண்ணு.

நான் படித்த கான்வென்ட்டின் மதர் இருந்திருந்தால் நான்கு பேரையும் அங்கேயே முழங்கால் போட வைத்திருப்பார். கோணங்கிப்பேட்டைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. விடிந்தால் ரயில். மிச்சமிருந்தது சீவலமுத்துவின் மூன்றாவது புத்திமதி.

"உங்களுக்கு எங்க இருந்தா யோசனை வரும்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றான் தளவாய்.

"அதை யோசிக்கணும்னா யோசனை வர்ற இடத்துக்கில்ல போகணும்?" என்றார் ஆவுடையப்பன். நால்வரும் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் திகைத்து நின்றார்கள். பிறகு அவரே சொன்னார்: "பஸ்ல. ஜன்னலோரம். வண்டி நகர்ந்தா எனக்கு என்னென்னவோ தோணும்."

உடனே டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். கண்டக்டர், எங்கே போகணும் என்று கேட்டார். "எங்கேயும் போக வேண்டாம் தம்பி, எழுதணும்" என்றார். அடுத்த ஸ்டாப்பில் விசில் ஊதி இறக்கிவிட்டார்கள்.

"அவுக பஸ் இல்லாட்டி என்ன? நாம ஒரு பஸ் விடுவோம்" என்றான் மாடக்கண்ணு.

ஆவுடையப்பன் வீட்டுக்குப் பின்னால் மாடில்லாத மாட்டுக் கொட்டகை ஒன்று இருந்தது. பழைய இரும்புக் கடையில் கிழிந்த பஸ் சீட் ஒன்றைக் கெஞ்சி வாங்கி வந்து, அங்கே ஒரு கயிற்றுக் கட்டிலின் மேல் ஏற்றிக் கட்டினார்கள். முன்னால் மாடக்கண்ணு, அடுக்களையிலிருந்து எடுத்து வந்த சுளகை, அதாவது முறத்தை, ஸ்டியரிங்காகப் பிடித்துத் திருப்பிக்கொண்டு டிரைவர். தளவாய் கண்டக்டர். கட்டிலைக் குலுக்குவதும் அவன் வேலைதான். இசக்கி ஒரு முருங்கைக் கொப்பைத் தூக்கிக்கொண்டு பயணிக்குப் பக்கவாட்டில் முன்னிருந்து பின்னாக ஓடினான். மரங்கள் பின்னால் போக வேண்டாமா? ஸ்டாப் வந்தால் கொப்பைப் போட்டுவிட்டு வெள்ளரிப்பிஞ்சு விற்பான்.

"பூலாங்கரை! பூலாங்கரை போற வண்டி!" என்று கூவினான் தளவாய். அவனுக்குத் தெரிந்த ரூட் அது ஒன்றுதான். "ரைட்!"

"ர்ர்ர்ர்ர்" என்றான் மாடக்கண்ணு. வண்டி கிளம்பியது.

நம்ப மாட்டீர்கள், எழுத்து வந்தது. ஆவுடையப்பன் ஜன்னலோரம் பார்த்தார், முருங்கை மரங்கள் சாரிசாரியாகப் போயின, பேனா தானாக ஓடியது. நடுவில் டிரைவர் டீ குடிக்க இறங்கியபோது மட்டும் எழுத்தும் நின்றது.

"முழங்கையை வெளிய நீட்டாதீங்க. எதிர்ல லாரி வருது" என்று தளவாய் அதட்டினான். ஆவுடையப்பன் பயந்து கையை இழுத்துக்கொண்டு மற்ற பாதியை எழுதினார். பக்கம் நிரம்பியது.

"பூலாங்கரை! எல்லாம் இறங்கு!"

"வந்தாச்சா?" என்று நிமிர்ந்தார் ஆவுடையப்பன். "இவ்வளவு தூரம் வந்துட்டுத் தபால்ல போடுறது மரியாதையில்லை. நேர்லயே குடுத்திருவோம்."

டிரைவரும் கண்டக்டரும் துணைக்கு வந்தார்கள். மூவரும் கொட்டகையைச் சுற்றி வீட்டின் முன்பக்கத்துக்கு வந்து நின்றார்கள்.

"மாமா வீட்டை இடிச்சுக் கட்டியிருக்காரு போல. அப்படியே நம்ம வீடு மாதிரியே இருக்கே" என்றார் ஆவுடையப்பன்.

"மைனிக்கு மனசு கேக்காதுல்லா அண்ணாச்சி? உங்க ஞாபகமா அதே மாதிரி கட்டச் சொல்லியிருப்பாவ" என்றான் மாடக்கண்ணு.

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே நிஜமாகவே உலகம்மாள் இருந்தாள். கடுதாசி வருகிற பாடாக இல்லை என்று தெரிந்து, மிச்சப் புடவைகளை எடுத்துப் போகச் சற்று முன்புதான் தன் சாவியால் திறந்து வந்திருந்தாள். அக்கா டவுன் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தாள். பையைக் கட்டிவிட்டுப் பூட்டைக் கையில் எடுத்தாள். கதவு தட்டப்பட்டது.

"நீங்களா? வீட்டைப் போட்டுட்டு எங்க போனீங்க?"

"உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் உலகு. அம்மாடி, ரோடா அது? இடுப்பு கழண்டுட்டு. இந்தா கடுதாசி."

வாங்கிப் பார்த்தாள். கட்டில் குலுங்கிய குலுங்கலில் எழுத்துகள் கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தன. "ஒரு எழவும் புரியல. நீங்களே படிங்க."

"நான் பார்க்கப்படாது. எழுதினவன் திரும்பிப் பார்க்கப்படாதாம்."

கண்டக்டர் என்ற முறையில் தளவாய் முன்வந்து வாசித்தான்:

"அன்புள்ள உலகம்மாளுக்கு. தப்பு என் பேரில்தான். குடுத்துட்டு வாங்க என்று நீ சொன்னாய். வாங்கிட்டு வாங்க என்று நீ சொல்லவில்லை. நீ சொல்லாததையும் நான் கேட்டிருக்க வேண்டும். இப்போது வீட்டில் யாரும் எதுவும் சொல்வதில்லை. அதனால் நானும் எதுவும் செய்வதில்லை. எழுந்திரு என்று சொல்ல ஆளில்லை, படுத்திருக்கிறேன். சாப்பிடு என்று சொல்ல ஆளில்லை, பசிக்கிறது. எதிரில் லாரி வருகிறது. மாவு இன்னும் மில்லில்தான் இருக்கிறது. நீ வந்து சொன்னால் போய் வாங்கிக்கொண்டு வருகிறேன்."

உலகம்மாள் பையைக் கீழே வைத்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"பம்பாயும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். அக்காவுக்குச் சொல்லி விட்டுக்கிடலாம். உள்ள வாங்க."

"அது எப்படி?" என்றார் ஆவுடையப்பன். "மாமனார் வீட்டுல போய்த் தங்கினா ஊருல என்ன பேசுவாங்க? நீ நம்ம வீட்டுக்கு வா."

"எந்த வீட்டுக்கு?"

"கோணங்கிப்பேட்டைக்கு."

உலகம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பின்னால் நின்ற டிரைவரையும் சுளகையும் பார்த்தாள். மெஸ்ஸுக்கு ஆகுமே என்று அந்தச் சுளகைத்தான் அவள் சற்று முன்பு அடுக்களையில் தேடியிருந்தாள். விளக்கம் கேட்டால் விளக்கம் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"நீங்க முன்னால போங்க. நான் பின்னாலயே வாறேன்."

திரும்பவும் வண்டி ஏறினார்கள். ர்ர்ர்ர். ஒரு பாட்டம் குலுங்கிவிட்டு, "கோணங்கிப்பேட்டை, இறங்கு" என்றான் தளவாய். ஆவுடையப்பன் இறங்கி வீட்டைச் சுற்றி வந்தால், வாசலில் உலகம்மாள் காப்பித் தம்ளரோடு நிற்கிறாள்.

"நாங்க பஸ்ல வந்தோம். நீ எதுல வந்தே?"

"நடந்து."

தளவாய் மெதுவாக மாடக்கண்ணு பக்கம் திரும்பினான். "நடந்து வந்த பொம்பளை உம்ம வண்டியை முந்திட்டாவ. என்ன ஓட்டு ஓட்டினீரு?"

மாடக்கண்ணு தலைகுனிந்து சுளகை உலகம்மாளிடம் ஒப்படைத்தான். சர்வீஸ் அன்றோடு ரத்து. சீட் இரும்புக் கடைக்கே திரும்பிப் போயிற்று.

இசக்கியை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மறந்தது அவர்கள். பூலாங்கரையில் வண்டி நின்றபோது வெள்ளரிப்பிஞ்சு விற்க இறங்கினான் பாருங்கள், அவன் ஏறுவதற்குள் வண்டி திரும்பிவிட்டது. அப்புறம் அந்த ரூட்டில் பஸ்ஸே கிடையாது. தெரியாத ஊரில் என்ன செய்வான் பாவம், கொட்டகை ஓரமாகவே உட்கார்ந்துவிட்டான்.

கொட்டகைக்கு அடுத்த வீடு அவன் வீடுதான். நடுவில் ஒரு வேலி. அவன் அம்மா வேளாவேளைக்கு வேலிக்கு மேலே தட்டை நீட்டி, "வீட்டுக்குள்ள வந்து தின்னு தொலையேம்லே!" என்று கத்துவாள். "இருக்கட்டும்மா, வெளியூர்க்காரன், உள்ள வந்தா நல்லா இருக்காது" என்று மரியாதையாக வாங்கிக்கொள்வான்.

ஒரு நாள் தட்டோடு ஒரு கடிதத்தையும் அவளிடமே நீட்டி, தபாலில் போட்டுவிடச் சொன்னான். அவள் பிரித்துப் படித்தாள்.

"அன்புள்ள அம்மாவுக்கு. நான் பூலாங்கரையில் சுகமாக இருக்கிறேன். கவலைப்படாதே. இங்கே உன்னை மாதிரியே ஒரு அம்மா சோறு போடுகிறார்கள். குழம்புதான் உன் கைப்பக்குவம் வராது."