நண்டு கடிக்காத கால்

மருதங்குளத்தில் வளையம்மை என்றொரு நண்டு இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம். ஆனாலும் வம்புக்குப் போகாதவள். தான் உண்டு, தன் வளை உண்டு என்று இருந்தாள்.

அன்று பொழுது சாயும் நேரம். வளை வாசலில் சேற்றை வழித்துக்கொண்டிருந்தவளின் தலைக்கு மேல் ஓர் அலறல் கேட்டது.

“ஐயோ, கடிச்சிட்டா! இன்னைக்கும் கடிச்சிட்டா!”

அலறியது வாயுவேகன் என்ற மிளா மான். தண்ணீரில் வைத்த பின்னங்காலை உதறிக்கொண்டு, ஒரு வாய்கூடக் குடிக்காமல் நொண்டி நொண்டிக் கரையேறினான். தொடர்ந்து நான்கு நாளாக இதே கூத்து.

வாயுவேகன் சாதாரண ஆள் இல்லை. விடிந்ததும் காட்டைச் சுற்றி வரக் கிளம்புவான். செந்நாய்க் கூட்டம் எந்தப் பக்கம் திரிகிறது என்று பார்த்து, சாயங்காலம் குளக்கரைக்கு வந்து சொல்வான். அதைக் கேட்டுத்தான் மற்ற மிருகங்கள் மறுநாள் எங்கே மேய்வது என்று முடிவு செய்யும். அவன் கால் முடங்கினால் காடே முடங்கிப்போகும்.

உடனே பஞ்சாயத்து கூடியது. நாட்டாமை உழவாரன் என்ற காட்டுப்பன்றி.

“வளையம்மை, ஏன் அவன் காலைக் கடிச்சே?”

“நான் கடிக்கலே நாட்டாமை. கடிச்சிருந்தா காயம் இருக்குமே. காட்டச் சொல்லுங்க.”

வாயுவேகன் காலைத் தூக்கிக் காட்டினான். ஒரு கீறல்கூட இல்லை. அதற்கெல்லாம் அவன் அசருவானா? “இது வெளியே தெரியாத கடி. உள்ளே போய்ச் சதையைக் கவ்விப் பிடிக்குது. குளம்பு வரைக்கும் இழுத்துக்குது” என்றான்.

“தோலைத் தொடாம சதையைக் கடிக்கிறதா? அந்த வித்தை எனக்கே தெரியாதே அண்ணே!”

முயல்கள் சிரித்தன. நாட்டாமைக்குக் கோபம் வந்தது. “கடிக்கத் தெரியாதவ மாதிரி பேசாதே. என் மூக்கே சாட்சி” என்றான்.

அது உண்மைதான். போன மாசியில் கிழங்கு தேடுகிறேன் என்று அவள் வளைக்குள் மூக்கை நுழைத்திருந்தான்.

“வீட்டுக்குள்ளே மூக்கை விட்டா, கடிக்காம கொஞ்சவா செய்வேன்?” என்றாள் வளையம்மை. உண்மையைச் சொல்லிக் கெட்டவள் அவள்தான்.

நாளைப் பொழுது சாய்ந்ததும் குளத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று தீர்ப்பானது. அது சித்திரை மாதம். சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தக் குளத்திலும் தண்ணீர் இல்லை, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. போ என்றால் செத்துப் போ என்று பொருள். வளையம்மைக்கு எட்டுக் காலும் நடுங்கின. நல்லவேளை, மூளை நடுங்கவில்லை.

“போறேன். அதுக்கு முன்னாடி நாளைக்கு ஒரு நாள் என்னை அண்ணன் கொம்புலே கட்டிவிடுங்க. சாயங்காலம் அப்படியே எல்லார் முன்னாடியும் அவர் குளத்துலே இறங்கட்டும். நான் கொம்புலே இருக்கும்போதும் கால் வலிச்சா, கடிச்சது நான் இல்லேன்னு ஒத்துக்குவீங்களா?”

நாட்டாமை வேண்டா வெறுப்பாகத் தலையாட்டினான்.

விடிந்ததும் ஒரு குரங்கு அவளைக் கொடியால் கொம்பில் கட்டியது. ஈரப் பாசியை உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டாள் வளையம்மை.

“எதுக்கு இந்த மூட்டை?” என்றான் வாயுவேகன்.

“வெயில்லே போறோமே, தண்ணி இல்லாம எப்படி?”

அவன் சிரித்துவிட்டு ஓடத் தொடங்கினான். பிறந்தது முதல் பக்கவாட்டிலேயே நடந்து பழகியவளுக்கு நேராகப் போவதே பெரிய வேடிக்கையாக இருந்தது. “அடேயப்பா, உலகம் முன்னாலேயும் இருக்கே!” என்று கூவினாள். பயந்துகொண்டு ஏறியவள் முதல் மேடு தாண்டுவதற்குள் பாட்டே பாட ஆரம்பித்துவிட்டாள். வாயுவேகனுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். அவன் ஓட்டத்தை இவ்வளவு பக்கத்திலிருந்து யாரும் ரசித்ததில்லை.

வெயில் ஏறியது. வழியில் பாறையிடுக்கில் ஓர் ஊற்று சலசலத்தது.

“அண்ணே, நின்னு ஒரு வாய் குடிங்க.”

“ஓடுறவன் குடிக்கக் கூடாது. வயிறு கனக்கும்” என்று ஒரே தாவாகத் தாண்டினான்.

அடுத்து உவர்மண் மேடு வந்தது. புள்ளிமான்கள் வரிசையாக நின்று உப்பு மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. “அதெல்லாம் வேலையில்லாதவங்க வேலை” என்றான். உதிர்ந்து கிடந்த இலந்தைப் பழத்தைக்கூடக் குனிந்து பார்க்கவில்லை. உச்சிப்பாறைக்கு வந்ததும் குளம்பு நுனியில் எக்கி நின்று, செந்நாய்களைத் தேடினான். நிழல் நீளும் வரை அதே நிலை. பிறகு உட்காரவில்லை, காலை நீட்டி மடக்கவில்லை, சுடச்சுடக் கிளம்பி ஓட்டம் பிடித்தான். கொம்பில் இருந்தவள் பாசியை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தாள். பாட்டு எப்போதோ நின்றுபோயிருந்தது.

குளக்கரையில் காடே திரண்டிருந்தது. கொதிக்கும் உடம்போடு வந்த வாயுவேகன் பின்னங்காலைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்தான்.

“ஐயோ, கடிச்சிட்டா!”

எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள். பிறகு கொம்பைப் பார்த்தார்கள். வளையம்மை இரண்டு கொடுக்கையும் உயரத் தூக்கிக் காட்டினாள். “ரெண்டு கையும் இங்கேதான் இருக்கு. எண்ணிப் பாருங்க.”

நாட்டாமை விழித்தான். தோற்றுப்போக மனமில்லை. “அப்போ கடிச்சது ஆமையாத்தான் இருக்கும்” என்றான். ஆமை அவசரமாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

“யாரும் கடிக்கலே! அண்ணே, உதறாதீங்க. குளம்பைத் தரையிலே பதிய ஊனுங்க. முட்டியை நீட்டி, உடம்பை மெள்ள முன்னாலே சாயுங்க. நாட்டாமை, சும்மா நிக்காம அந்த மூக்காலே சதையைத் தேச்சு விடுங்க.”

உழவாரன் முனகிக்கொண்டே தேய்த்தான். கல் மாதிரி இறுகிய சதை மெதுவாக இளகியது. வாயுவேகன் பெருமூச்சு விட்டான்.

“தினமும் இங்கே வந்துதானே வலிக்குது?” என்றான், இன்னும் சந்தேகத்தோடு.

“தினமும் இங்கே வரும்போதுதானே நீங்க காய்ஞ்ச சருகா வர்றீங்க? உங்க காலைக் கவ்வுறது தாகம் அண்ணே. வேர்வையா போன தண்ணியும் உப்பும் திரும்ப உள்ளே போகணும். அரைநாள் ஒரே மாதிரி நின்னா எந்தக் காலும் முறுக்கிக்கும். சூட்டோட பச்சைத் தண்ணியிலே இறங்கினா சொல்லவே வேணாம். வலி வந்ததும் குடிக்காம ஓடிப்போறீங்க, மறுநாள் இன்னும் காய்ஞ்சு வர்றீங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா இருக்கு.”

கூட்டம் ‘கொல்’லென்று சிரித்தது. வாயுவேகன் தலை குனிந்தான். கொம்பில் இருந்த வளையம்மை குடைசாய்ந்தாள்.

“நான் சொன்னபடி அஞ்சு நாள் இருந்து பாருங்க. அப்புறமும் விடாம இழுத்தா வைத்தியம் தெரிஞ்சவங்ககிட்டே காட்டணும். அதையும் நண்டு தலையிலே கட்டக் கூடாது.”

மறுநாளிலிருந்து வாயுவேகன் ஊற்றில் நின்று குடித்தான். புள்ளிமான்களோடு வரிசையில் நின்று உப்பு மண்ணை நக்கினான். இலந்தையும் நெல்லியும் மென்றான். உச்சிப்பாறையில் அவ்வப்போது காலை மாற்றி நின்றான், நீட்டி மடக்கினான். குளக்கரைக்கு வந்ததும் மருத மர நிழலில் உடம்பு ஆறிய பிறகே இறங்கினான்.

இரண்டாம் நாள் வலி வந்தது, பாதிதான். மூன்றாம் நாள் லேசாகச் சுண்டியது. ஐந்தாம் நாள் நான்கு காலும் தண்ணீரில் நிற்க, அவன் பாட்டுக்குக் குடித்துக்கொண்டே இருந்தான். “போதும்ப்பா, எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வை” என்று நாட்டாமை கத்த வேண்டியதாயிற்று.

வாயில் நீர் சொட்ட, வாயுவேகன் வளை வாசலில் குனிந்தான்.

“என் காலைக் கவனிக்க எனக்கு நேரமில்லே தங்கச்சி. உன்மேலே பழி போட மட்டும் நேரம் இருந்துச்சு. மன்னிச்சிரு.”

வளையம்மைக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீருக்குள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

தன் உடம்பின் குறையை உள்ளே தேடாமல் ஊரார்மேல் சுமத்துகிறவனுக்கு, வலியும் தீராது, பழியும் தீராது.