ஆளுக்கு ஒரு பிடி மண்

கரட்டுக் காட்டில் கோடை வந்தால் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் இருக்கும். அதுவும் குன்றுக்கு அந்தப் பக்கம். குன்றின் மேலே சிறுத்தை படுத்திருக்கும். அதனால் அழுங்கு என்னும் செதில் போர்த்திய எறும்புத்தின்னி ஒன்று, குன்றைக் குடைந்து குளம்வரை ஒரு சுரங்கம் தோண்டியது.

"இது யாருக்கும் தனிச்சொத்து இல்லை! எல்லாரும் போகலாம், எல்லாரும் தோண்டலாம்!" என்று அறிவித்தது.

எல்லாரும் போனார்கள். தோண்டத்தான் ஆளில்லை. குறை சொல்ல மட்டும் வரிசையில் நின்றார்கள்.

"அண்ணே, என் முள் உரசுது. கொஞ்சம் அகலமாக்குங்க!" என்றது முள்ளம்பன்றி.

"என் வளை வாசலுக்கே ஒரு கிளை விடுங்களேன்!" என்றது முயல்.

ஒரு நாள் அழுங்கின் நகம் ஒடிந்தது. ஏனென்று கேட்க நாதியில்லை.

"இனி ஒரு கீறல்கூடக் கீறமாட்டேன்!" என்று அது புற்றடியில் போய் உட்கார்ந்துவிட்டது. உதிரும் மண்ணை அள்ள ஆளில்லாமல், பத்தாம் நாள் சுரங்கத்தின் நடுக்கூரை சரிந்தது.

தாகம் பொறுக்காமல் குன்றேறிய முயல், பாதி வாலைச் சிறுத்தையிடம் விட்டுவிட்டு ஓடிவந்தது. உடனே காடு கூட்டம் போட்டது. மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. அழுங்குக்கு ஒரு மாலையும் விழுந்தது.

அழுங்கு மாலையை மோந்து பார்த்தது. "தீர்மானத்துக்கு நகம் இருக்கா? மாலை மண் அள்ளுமா?"

முள்ளம்பன்றிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ரொம்பப் பேசாதீங்க அண்ணே! போன கோடையில நான் ஒரு முழம் அகலப்படுத்தினேன். 'இதெல்லாம் ஒரு வெட்டா?'ன்னு மறுநாளே மூடினது யாரு?"

அழுங்கு மாலையைக் கழற்றிக் கீழே வைத்தது. மூடியது அதுதான்.

"சரிஞ்ச இடத்தை மட்டும் காட்டுங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்," என்றது ஒரு காட்டெலி.

அழுங்கு காட்டியது. எலி கோணலாகத் தோண்டியது. முயல் அதைவிடக் கோணல்! அழுங்குக்கு நகமெல்லாம் அரித்தது. குறுக்கே விழுந்து திருத்திவிடுவோமோ என்ற பயத்தில் பந்தாகச் சுருண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது.

"நேரா வருதா?" என்று சுருண்டபடியே கேட்டது.

"பேசாம கிடங்க!" என்றன எல்லாம்.

பொழுது சாய்வதற்குள் குளத்து ஈரக்காற்று உள்ளே வீசியது. அங்கேயே ஒரு விதியும் செய்தார்கள். தண்ணீர் குடித்துத் திரும்புகிறவர், ஒரு பிடி மண்ணை வெளியே கொண்டுவந்து கொட்ட வேண்டும்.

மறுநாள் வயிறு முட்டக் குடித்துவிட்டு வெறுங்கையோடு வந்த அழுங்கை, வாசலில் முயல் மறித்தது.

"அண்ணே, மண்ணு எங்கே?"

"அடேய், இந்தச் சுரங்கத்தைத் தோண்டினதே நான்!"

"யாரு இல்லைன்னது? இன்னிக்கு மண்ணு எங்கே?"

அழுங்கு முறைத்தது. பிறகு செதிலெல்லாம் குலுங்கச் சிரித்தது. உள்ளே திரும்பிப் போய் இரண்டு பிடியாக அள்ளிவந்து கொட்டியது.

பொதுவானது நிலைக்க வேண்டுமானால், உண்டாக்கியவர் இடம் கொடுக்க வேண்டும். அனுபவிப்பவர் கை கொடுக்க வேண்டும்.