ஊதுபத்திக் குச்சி வைத்தியம்

சங்ககிரி லாரி ஷெட்டில் ஆயுதபூஜை. சந்தனக் கிண்ணத்தை முதலாளி நல்லசிவம் யாரிடமும் தரவில்லை. லாரிக்கு அடியில்கூடத் தானே புகுந்து அப்பினார். பூஜை முடிந்து ஊரைச் சுற்றிவந்த லாரி நின்றதும், பின்சக்கரங்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் என்கிற பல்சக்கரப் பெட்டியில் இருந்து எண்ணெய் சொட்டியது.

முதலாளி மெக்கானிக் பொன்னுரங்கத்தின் மேல் பாய்ந்தார். "எண்ணெய் கசியாம இருக்க நேத்து நீ போட்ட சீல்தானே? சாயங்காலம் லோடு போகோணும். சாமிக்கு வச்ச ஸ்பேனரை நாளைக்குக் காலையிலதான் தொடோணும். ஒழுகறதை நிறுத்து, இல்லீன்னா நடையைக் கட்டு!"

"ஸ்பேனர் எதுக்குங்க? எரிஞ்சு முடிஞ்ச ஊதுபத்திக் குச்சி ஒண்ணு போதுமுங்க."

அடியில் புகுந்தவன் குச்சியை விட்டு எதையோ குடைந்தான். புஸ்ஸென்று காற்று சீறியது. சொட்டு நின்றுவிட்டது.

"சூடான காத்து வெளிய போக அந்தப் பெட்டி மேல ஒரு ஓட்டை உண்டுங்க. அதை யாரோ அடைச்சுட்டாங்க. போக வழியில்லாத காத்து எண்ணெயை வெளிய தள்ளியிருக்குது."

"எந்த மடையன்டா அடைச்சது? கண்டுபிடி, இன்னைக்கே அவன் சீட்டைக் கிழிக்கிறேன்!"

பொன்னுரங்கம் குச்சியை நீட்டினான். நுனியில் சந்தனம்.

"லேசுங்க முதலாளி. எல்லாரும் வலது கையை நீட்டட்டும், மோந்து பாத்துடலாம். நல்ல நாளு, நீங்களே நீட்டி ஆரம்பிச்சு வைங்க."

முதலாளியின் கை முதுகுக்குப் பின்னால் போனது.

"சரி, சரி! பொரி நமுத்துப் போகுது, வந்து தின்னுங்கப்பா!"